காரைக்குடி வட்டாரக் கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு: குரோம் பக்கத்தில் இன்னொரு பிரவுசரும் இருக்கட்டும்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்கா தங்கச்சிகளே,

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்கள், இ-சேவை மையம் நடத்துபவர்கள், ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர்கள், கல்லூரி லேப் பார்த்துக்கொள்பவர்கள், சின்னச் சின்ன வெப்சைட் செய்து கொடுக்கும் தம்பி தங்கச்சிகள் என்று எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நானும் இதே தொழிலில் இருப்பவன்தான். கடையில் நின்றபடி பேசி முடிக்க முடியாத விஷயம் என்பதால் மடலாகப் போடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதிகம் பேருக்குத் தெரியாத நல்ல பிரவுசர்கள் நம் ஊரில் எடுபடாமல் போவதற்கு முதல் காரணம், மெஷினைத் தயார் செய்து கையில் கொடுக்கிற நாம்தான். புது லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "எல்லாம் போட்டுக் குடுங்க தம்பி, சிங்கப்பூர்ல மகன்கூட பேசணும், பேங்க்கு பாக்கணும், பேப்பர் படிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆச்சி, எந்த பிரவுசர் வேண்டும் என்று சொல்வதில்லை. அவர் ஏன் சொல்ல வேண்டும்? நாம் டெஸ்க்டாப்பில் எந்தப் படத்தை வைக்கிறோமோ, அந்த மெஷின் ஓடுகிற காலம் வரைக்கும் அவருக்கு இன்டர்நெட் அதுதான். "ஜனங்க கேக்கல, அதான் போடல" என்று நமக்குள் சொல்லிக்கொள்கிறோம். ஜனங்கள் குரோமையும் கேட்கவில்லையே. நாம் போட்டோம், இருக்கிறது.

சரி, நாம் ஏன் குரோமை மட்டும் போடுகிறோம்? இதைக் கொஞ்சம் நேர்மையாகப் பேச வேண்டும். இரண்டு பிரவுசரை ஓட்டிப் பார்த்து, எது வேகம், எது மெமரி குறைவாகச் சாப்பிடுகிறது என்று பார்த்து முடிவு செய்கிறவர்கள் நம்மில் குறைவு. பிறகு போன் வரக்கூடாது, அவ்வளவுதான் காரணம். ஒரு தளம் குரோமில் திறக்காவிட்டால் "சைட்டு வேலை செய்யல போல" என்று வாடிக்கையாளர் விட்டுவிடுவார், மறுநாள் மறுபடி பார்ப்பார். அதே தளம் ஃபயர்பாக்ஸ் மாதிரி வேறொரு பிரவுசரில் திறக்காவிட்டால், "என்னத்தப் போட்டுக் குடுத்தீங்க" என்று ராத்திரி நமக்குப் போன் வரும். இரண்டு முறையும் கோளாறு அந்தத் தளத்திலேயே இருக்கலாம். ஆனால் எல்லாருக்கும் தெரிந்த பிரவுசரில் நடந்தால் பழி தளத்துக்குப் போகிறது, தெரியாத பிரவுசரில் நடந்தால் பழி பிரவுசருக்கும் அதைப் போட்டுக் கொடுத்தவருக்கும் வருகிறது. தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், கடை வாசலில் கூட்டம், ஓடிபி வந்து காலாவதியாகிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் இந்தப் பழியைச் சுமக்க யாருக்குத் துணிச்சல் வரும்? உங்கள் பயத்தைக் குறை சொல்லவே மாட்டேன், பிழைப்பு அது. ஆனால் ஒரு நல்ல பிரவுசர் வளராமல் போவது இந்த இடத்தில்தான். அதன் தரத்தைப் பார்த்து யாரும் அதை ஒதுக்கவில்லை, பார்க்கும் வாய்ப்பே வருவதில்லை.

தளங்கள் செய்வது இன்னொரு கொடுமை. பிரவுசர் ஒவ்வொரு தளத்திடமும் போனவுடன் தன்னை இன்னார் என்று ஒரு வரியில் சொல்லிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வரியை மட்டும் படித்துவிட்டுக் கதவைச் சாத்துகிற தளங்கள் இன்றைக்கும் உண்டு. ஓர் அலுவலகத்தின் தளத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போனபோது, "குரோமில் திறக்கவும்" என்று ஒரு பெட்டி வந்து நின்றுவிட்டது. ஃபயர்பாக்ஸ் தன்னை குரோம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டு அதே பக்கத்தைத் திறந்தேன், விண்ணப்பம் முழுக்கப் போய், ரசீதும் பிரின்ட் ஆனது. ஆக, அந்தத் தளத்துக்கு ஃபயர்பாக்ஸில் எந்தக் குறையும் இருக்கவில்லை, பெயர்தான் பிடிக்கவில்லை. விவால்டி என்று ஒரு பிரவுசர் இருக்கிறது, ஓபரா என்ற பழைய பிரவுசரைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் வான் டெட்ஷ்னர் அங்கிருந்து வெளியே வந்து உண்டாக்கியது. இந்த மாதிரித் தொல்லை தாங்காமல், 2019 டிசம்பரில் அவர்கள் தங்கள் பெயரையே அந்த வரியிலிருந்து எடுத்துவிட்டு, பெரும்பாலான தளங்களிடம் குரோம் என்றே சொல்லிக்கொள்ள முடிவு செய்தார்கள். இதனால் வந்த நஷ்டத்தை யோசித்துப் பாருங்கள். தளங்களின் கணக்கில் விவால்டி பயன்படுத்துபவர்களும் குரோமாகத்தான் விழுவார்கள். கணக்கைப் பார்க்கும் தளக்காரர், "விவால்டிக்கு ஆளே இல்லையே, எதற்குச் சோதித்துப் பார்க்க வேண்டும்" என்பார். அவர் சோதிக்காததால் மறுபடி ஏதாவது உடையும்.

இது புதிதும் இல்லை. 2003-இல் மைக்ரோசாப்டின் எம்எஸ்என் தளம், ஓபராவில் வருபவர்களுக்கு மட்டும் பக்கம் கோணலாகத் தெரியும்படி வேறொரு ஸ்டைல் ஃபைலை அனுப்பியது என்று ஓபரா நிறுவனம் எடுத்துக் காட்டியது. பார்க்கிறவர்களுக்கு அது ஓபராவின் கோளாறாகத்தானே தெரியும்?

நம் தமிழுக்கே இதில் ஒரு கதை உண்டு, இந்தத் தொழிலில் ரொம்ப நாளாக இருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோட் பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் தனித்தனி எழுத்துரு. நாமே இறக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் முழுக்கப் புரியாத குறிகள். எழுத்துருவைத் தானாகவே இறக்கிக் காட்டும் ஒரு வசதி வந்தது, அது மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்தது. ஆகவே தமிழில் செய்தி படிக்க வேண்டும் என்றால் எக்ஸ்புளோரர்தான் என்று ஆகிப்போனது. அப்புறம் யூனிகோட் வந்த பிறகும், ஃபயர்பாக்ஸின் ஆரம்பப் பதிப்புகளில், பத்தியை இரண்டு ஓரமும் சமமாக இழுத்து வைத்திருந்தால் தமிழ் எழுத்துகள் உடைந்து, கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். அது உண்மையான குறைதான், மறைக்க ஒன்றுமில்லை. 2008-இல் ஃபயர்பாக்ஸ் 3 வந்தபோது அது சரியானது. ஆனால் "ஃபயர்பாக்ஸ்ல தமிழ் சரியா வராது" என்ற பேச்சு அதற்கு அப்புறமும் பல வருஷம் நம் கடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. பிரவுசரில் ஒரு குறையைச் சரிசெய்துவிடலாம், ஆட்களின் மனதில் பதிந்த குறையைச் சரிசெய்ய அப்டேட் ஏதும் கிடையாது.

இதற்கு நேர்மாறான கதையும் நம்மிடமே இருக்கிறது. ஓபரா மினி. பட்டன் போன்கள் இருந்த காலம், போனில் தமிழ் எழுத்துருவே கிடையாது, எந்தத் தமிழ்த் தளத்தைத் திறந்தாலும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஓபரா மினியின் முகவரிப் பட்டையில் ஒரு சொல்லை அடித்து, உள்ளே போய், கடினமான எழுத்து வடிவங்களைப் படமாகக் காட்டு என்ற வரியை மாற்றிவிட்டால் போதும், தமிழ் பளிச்சென்று வரும். பக்கத்தை அவர்கள் சர்வரிலேயே சுருக்கி அனுப்பியதால் நெட் காசும் மிச்சம். யாரும் விளம்பரம் செய்து இது பரவவில்லை. ரீசார்ஜ் கடைத் தம்பிகளும் கல்லூரிப் பசங்களும் ஒருவருக்கொருவர் போனை வாங்கிப் போட்டுக் கொடுத்துப் பரவியது. அதாவது நம்மைப் போன்றவர்கள் கை வைத்ததால் பரவியது. பிறகு ஆண்ட்ராய்டு போன் வந்தது, தமிழ் எழுத்துருவும் குரோமும் உள்ளேயே இருந்தன, ஓபரா மினியைத் தேடிப் போக வேண்டிய காரணம் போய்விட்டது.

உள்ளேயே இருப்பது என்பது எவ்வளவு பெரிய பலம் என்று அந்தப் பெரிய நிறுவனங்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசர் எப்படிச் சாய்ந்தது? 1990களின் நடுவில் பெரும்பாலானவர்கள் கையில் அதுதான் இருந்தது, மைக்ரோசாப்ட் தன் பிரவுசரை விண்டோஸோடு சேர்த்தே கொடுத்தது, சில வருஷத்தில் கதை முடிந்தது. அதற்காக அமெரிக்க அரசு 1998-இல் வழக்குப் போட்டது, தீர்ப்பு வருவதற்குள் சந்தை கைமாறிவிட்டது. ஐரோப்பாவில் 2010-இல் விண்டோஸ் மெஷினில் பிரவுசர்களை வரிசையாகக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும் திரையை வைக்கச் சொன்னார்கள். விண்டோஸ் 7-இன் ஒரு பதிப்பில் அந்தத் திரை வராமலே போய்விட்டது என்பதற்காக 2013-இல் மைக்ரோசாப்டுக்கு 56.1 கோடி யூரோ அபராதம். நம் நாட்டிலும், ஆண்ட்ராய்டு போனில் தன் ஆப்களை மொத்தமாக முன்கூட்டியே போட வைக்கிறது என்ற விவகாரத்தில், இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா கொடுத்த தீர்ப்பில் ஒரு கணக்கு வெளியே வந்தது: 2021 என்ற ஒரே வருஷத்தில், தன் தேடுபொறியை மற்றவர்களின் போனிலும் பிரவுசரிலும் முதலில் வைப்பதற்கு கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். இது பிரவுசருக்கு இல்லை, தேடலுக்குத்தான். ஆனாலும் அவ்வளவு பணத்தை ஏன் கொட்ட வேண்டும்? முதலில் வைத்ததை ஜனங்கள் மாற்றுவதில்லை என்பதால்தான். ஃபயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதியும் கூகுள் கொடுக்கும் இதே மாதிரிப் பணம்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. போட்டியாளரின் காசில் வாழ வேண்டிய நிலைமையில் அவர்கள் இருக்கிறார்கள், அதுவும் அவர்கள் வளராததற்கு ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதே இல்லை. கானாடுகாத்தான் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தார். வாங்குகிறவர் இருக்கும் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று தெரிந்த மண் இது. சின்ன பிரவுசர்காரருக்கு அந்த வாசல் நம் கடைதான், வேறு வாசல் வாங்க அவரிடம் பணம் இல்லை.

உலாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பிரவுசர், நம் தமிழ்நாட்டு நிறுவனம். மத்திய அரசு இந்தியாவுக்கென ஒரு பிரவுசர் செய்யும் போட்டி வைத்தது, 2025 மார்ச்சில் முடிவு வந்தது, முதல் பரிசு ஒரு கோடி ரூபாய் ஜோஹோவுக்குத்தான் போனது. பின்தொடரும் நிரல்களையும் விளம்பரங்களையும் அதுவே தடுக்கிறது, வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று தனித்தனி முறைகளும் அதில் உண்டு. குரோமுக்கும் அடியில் இருக்கிற குரோமியம் என்ற அடித்தளத்தில் செய்தது, ஆகவே குரோமில் திறக்கும் தளம் இதிலும் பெரும்பாலும் திறக்கும், நீங்கள் பயப்படும் போன் வருவதற்கு வழி ரொம்பக் குறைவு. இவ்வளவு இருந்தும் நம் வட்டாரத்தில் கடைக்கு வருகிற மெஷின்களில் அதை நான் பார்ப்பதே அபூர்வம். பரிசு வாங்கிய செய்தியைப் படித்துப் பெருமைப்பட்டு ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அடுத்து வந்த மெஷினில் நாம் எதைப் போட்டோம்?

"எது இருந்தா என்ன, வேலை நடக்குதுல்ல" என்று கேட்பீர்கள். நடக்கிறது, ஆனால் யாருக்கு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். திரையின் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று நிமிஷத்துக்கு ஒரு பெட்டி வந்து குதிக்கிறது என்று பயந்துபோய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! வைரஸ் எதுவும் இருக்காது. ஏதோ ஒரு தளத்தில் "அனுமதி" என்ற பட்டனை அழுத்தியிருப்பார்கள், நாம் செட்டிங்கில் போய் அந்த அனுமதியை எடுத்துவிட்டு அனுப்புவோம், அடுத்த மாதம் அதே மெஷின் திரும்பி வரும். டவுன்லோட் என்று பெரிதாக எழுதிய போலி பட்டன், செய்திக்கு நடுவில் லோன் விளம்பரம், எல்லாவற்றிலும் கை வைப்பது வயதானவர்கள்தான். யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் இதில் பெரும்பாலானதை வாசலிலேயே நிறுத்திவிடும். தன் விதிகளை மாற்றியதால் குரோம் அந்தத் தடுப்பானை 2024-இன் கடைசியிலிருந்து படிப்படியாக நிறுத்திவிட்டது, குறைந்த சக்தியுள்ள ஒரு லைட் பதிப்புதான் அங்கே கிடைக்கிறது. ஃபயர்பாக்ஸில் முழுசாகவே ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போன் ஃபயர்பாக்ஸிலும் ஓடுகிறது. ஒரு ஆச்சியின் மெஷினில் இந்த இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் அவர் வேறு எதற்காவது வருவாரே தவிர இதற்காக வருவது குறைந்துவிடும். நமக்கு வர வேண்டிய சில்லறை வருமானம் கொஞ்சம் போகும்தான். போகட்டும் என்கிறேன்.

இன்னொன்று, இது இளைய தம்பிகளுக்கு. எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, உலா எல்லாவற்றுக்கும் உள்ளே ஓடும் எஞ்சின், அதாவது பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பகுதி, ஒன்றேதான், கூகுள் முன்னின்று வளர்க்கும் பிளிங்க். மைக்ரோசாப்டே சொந்த எஞ்சினை விட்டுவிட்டு 2020-இல் இதற்கு மாறிவிட்டது. ஆப்பிளின் வெப்கிட்டும் ஃபயர்பாக்ஸின் கெக்கோவும்தான் தனியாக நிற்கும் பெரிய எஞ்சின்கள். நாடே ஒரு பிரவுசரை நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியாவைப் பார்க்கலாம். 1990களின் இறுதியில் பேங்க் பாதுகாப்புக்கென்று ஆக்டிவ்எக்ஸ் என்ற, எக்ஸ்புளோரரில் மட்டும் ஓடும் முறையைக் கட்டாயம் போல ஆக்கிவிட்டார்கள். வேகமான இன்டர்நெட்டுக்குப் பெயர் போன அந்த நாட்டில், பணம் அனுப்பவும் பொருள் வாங்கவும் எக்ஸ்புளோரரைத் திறந்தாக வேண்டிய நிலைமை பதினைந்து வருஷத்துக்கு மேல் நீடித்தது. அந்த எக்ஸ்புளோரரையே 2022 ஜூனில் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது.

ஆகவே நான் கேட்பது இதுதான். குரோமை எடுங்கள் என்று சொல்லவில்லை, அது இருக்கட்டும். ஃபார்மேட் அடித்து, டிரைவர் எல்லாம் போட்டு முடித்து, மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது குரோம் படத்துக்குப் பக்கத்தில் ஃபயர்பாக்ஸோ உலாவோ விவால்டியோ ஒன்றை வையுங்கள், எது உங்களுக்குப் பழக்கமோ அது. பழைய புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் அதற்குள் இழுத்துப் போட்டுவிடுங்கள், சில நிமிஷ வேலை, ஆனால் இதை விட்டுவிட்டால் யாரும் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்கள், பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பழையதற்கே போய்விடுவார்கள். கொடுக்கும்போது வாயால் சொல்லுங்கள்: "ஆச்சி, பேப்பர் படிக்க, வீடியோ பார்க்க இதத் தொறங்க, விளம்பரம் வராது. ஏதாவது ஒரு சைட்டு இதுல வரலன்னா மட்டும் அதத் தொறங்க." இந்த இரண்டாவது வாக்கியத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ராத்திரிப் போன் வராது. ரேம் குறைவான பழைய மெஷினில் இரண்டு எதற்கு என்று கேட்டால், இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால்தான் மெமரி போகும், சும்மா கிடக்கிற பிரவுசர் கொஞ்சம் டிஸ்க் இடத்தைத்தான் எடுக்கும்.

வெப்சைட் செய்யும் தம்பி தங்கச்சிகளுக்கு: ஆத்தங்குடி டைல்ஸ்காரருக்கும், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஹோட்டலாக்கியவருக்கும், கண்டாங்கிச் சேலை விற்கிறவருக்கும் நீங்கள்தான் தளம் செய்து கொடுக்கிறீர்கள். அந்த ஹோட்டலுக்கு அறை கேட்டு வருபவர்களில் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம், ஜெர்மனி போன்ற நாட்டில் ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துபவர்கள் நம் நாட்டைவிட நிறையப் பேர். ஒப்படைப்பதற்கு முன் ஃபயர்பாக்ஸில் ஒருமுறை, ஐபோனில் ஒருமுறை புக்கிங் முழுவதையும் செய்து பார்த்துவிடுங்கள். பிரவுசரின் பெயரைப் படித்துக் கதவைச் சாத்தும் கோடிங்கை எங்கிருந்தும் காப்பி எடுத்துப் போடாதீர்கள். தேவையான வசதி இருக்கிறதா என்று பிரவுசரிடமே கேட்டுப் பார்க்கலாமே.

கல்லூரி லேப் பார்க்கிறவர்கள், விடுமுறையில் மெஷின்களை மொத்தமாகச் சுத்தம் செய்யும்போது இரண்டு பிரவுசர் போட்டுவிடுங்கள். வெப் டிசைன் பாடம் நடத்துகிறவர்கள் மாணவர்கள் செய்த பக்கத்தை இரண்டிலும் திறந்து காட்டிய பிறகே மார்க் போடுங்கள். தமிழில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் மொசில்லாவின் பொன்டூன் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தைக் காட்டிவிடுங்கள், ஃபயர்பாக்ஸின் தமிழ் முகப்பு தன்னார்வலர்கள் அங்கே உட்கார்ந்து செய்ததுதான், இன்னும் கை வேண்டும்.

அப்புறம், இ-சேவை மையக்காரர்கள்தான் எந்தத் தளம் எதில் திறக்கவில்லை என்பதை முதலில் பார்க்கிறவர்கள். அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-லிருந்தே இருக்கின்றன, பல பிரவுசர்களில் சோதித்திருக்க வேண்டும் என்பது அதிலேயே உள்ள விஷயம். நாம் யாரும் கேட்காததால் அது காகிதத்தில் கிடக்கிறது. "குரோமில் திறக்கவும்" என்ற பெட்டி வந்தால் அதை மூடிவிட்டு குரோமுக்குப் போவதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எந்தத் தளம், எந்தப் பக்கம், எந்த பிரவுசர், என்ன செய்தி வந்தது, இந்த நான்கையும் எனக்கு அனுப்பினால் போதும். தளத்தை நடத்துகிறவர்களுக்கு விண்ணப்பமாக எழுதி அனுப்புவது, பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது, இரண்டையும் நான் செய்கிறேன். உங்கள் பெயரோ கடைப் பெயரோ அதில் வராது.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து உங்களில் ஒருவன்